பழுக்காத சூறை

பத்துமலை அண்ணனுக்கு ஈப்போ பசாரில் வாழைப்பழக் கடை. பிறந்தது கோலா கங்சார் பக்கம், எங்கள் ரப்பர் தோட்டத்தில். பால்மரம் வெட்டப் பிடிக்காமல் இளவயதிலேயே லாரி ஏறிப் போனவர். ஆனாலும் மாரியம்மன் திருவிழாவுக்குத் தவறாமல் வந்துவிடுவார். கடைசி நாள் பழச்சூறை அவருடைய நேர்த்திக்கடன். தேரில் அம்மனுக்குப் பக்கத்தில் நின்று அவர் பழம் எறிய, கீழே முந்தானையிலும் துண்டிலும் ஜனங்கள் ஏந்துவார்கள். அப்புறம் மாமன் மச்சான்களின் சண்டை தொடங்கும். மச்சான் மூஞ்சியில் பழத்தை அப்பினால்தான் திருவிழா முடிந்ததாக அர்த்தம். மறுநாள் நாங்கள் குடியிருந்த தொடர்வீடுகளின், லயத்துப் பாதை முழுக்க ஈ.

எழுபத்தைந்தில் ரப்பர் விலை விழுந்தது. வாரத்தில் பாதி நாள்தான் வேலை. நல்லம்மாள் அக்கா வீட்டில் நிலைமை இன்னும் மோசம். புருஷன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளைகளுக்கு வேளைக்கு வேளை மரவள்ளிக்கிழங்குதான். யாராவது அரிசி கொண்டுபோனால், "எங்க வூட்ல இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று வாசலோடு திருப்பிவிடுவார் அக்கா.

பத்துமலை அண்ணனும் வந்திருந்த கோயில் கூட்டத்தில் இளைஞர் மன்றச் செயலாளர் சதாசிவம் எழுந்தார்.

"அண்ணே, புள்ளைங்க பட்டினியா கெடக்கு. திங்கிற பொருள கால்ல போட்டு மிதிக்கணுமா? மேசை போட்டு வரிசையில குடுத்துடலாம்."

"குடுக்கலாம் தம்பி. நல்லம்மா வந்து வரிசையில நிக்குமா?"

பத்துமலை அண்ணனே தொடர்ந்தார்.

"தேர்லேர்ந்து விழுந்தா அம்மன் குடுத்தது. மேசையில நீட்டுனா நாம குடுத்தது. அது வாங்காது."

"அதுக்காகப் பாதிப் பழம் நசுங்கணுமா?"

"அதான் யோசிக்கிறேன்லா."

தேர் கிளம்பும் நேரத்துக்கு அவருடைய லாரி வந்தது. இறக்கிய தார்கள் அத்தனையும் பச்சைக் காய். பூசாரி முகத்தைச் சுளித்தார். கூட்டத்துக்குக் கொண்டாட்டம்.

"என்ன மச்சான், பசார்ல எவனாச்சும் ஏமாத்திட்டானா?"

"பழக் கடக்காரனுக்கே பழம் தெரியலலா."

"அவசரத்துல பாக்காம ஏத்திட்டேன்" என்று பத்துமலை அண்ணன் தலையைச் சொறிந்தார். எல்லோரும் நம்பினார்கள். சதாசிவத்துக்கு மட்டும் புரிந்திருக்க வேண்டும். ஏதோ சொல்ல வாயெடுத்தவரின் கையை அண்ணன் பிடித்து அழுத்தினார்.

"சும்மா இரு. வெளிய சொன்னா அதுவும் வரிசதான்." பக்கத்தில் நின்ற எனக்கும் அது கேட்டது.

தேர் நகர்ந்தது. சீப்புச் சீப்பாக, குழந்தையைக் கைமாற்றுவதுபோல் மெல்ல எறிந்தார். காய் நசுங்கவில்லை. பழச்சண்டைதான் கெட்டது. ஒருவன் ஆசைக்கு ஒன்றை வீச, அடிபட்ட மச்சான், "மண்டய ஒடைக்கப் பாக்குறியா?" என்று விரட்டினான்.

நல்லம்மாள் அக்கா லயத்தின் முன்னால் தேர் கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. முந்தானையில் ஒரு சீப்பு விழுந்தது. அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொன்று விழுந்தது. பிறகும் விழுந்தது.

"அம்மன் இன்னிக்கு நம்ம லயத்தவே பாத்துக்கிட்டு நிக்குது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

தேர் போன பாதையில் சதாசிவம் குனிந்து பார்த்தபடி திரும்பி நடந்தார். ஒரு காய்கூடக் கிடக்கவில்லை. அந்த வாரம் முழுக்க லயத்தில் வாழைக்காய்ப் புளிக்கறி வாசம். நல்லம்மாள் அக்கா அடுப்பிலிருந்தும் அது வந்தது.

பத்துமலை அண்ணனுக்குக் 'காய்மலை' என்று பெயர் நிலைத்தது. எண்பதுகளில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபின் நாங்கள் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டுக்கு வந்தோம். இங்கேயும் பழைய தோட்டத்து ஆட்கள் பார்த்தால், "காய்மலை, நல்லாருக்கியா?" என்பார்கள். "இருக்கேன்லா" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. தன்னை மடையன் என்று நினைக்கிறார்களே என்ற வருத்தத்தை அவர் முகத்தில் நான் தேடியிருக்கிறேன். கிடைத்ததில்லை.

நல்லம்மாள் அக்காவுக்கு அவர் செய்தது தெரியாது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன், அந்தக் காய்ச்சூறைக்கு அடுத்த வருஷத் திருவிழா வரைக்கும். அதற்குள் புருஷன் எழுந்து நடந்தார், வேலையும் திரும்பியிருந்தது. அண்ணன் நல்ல பழமாகவே கொண்டுவந்திருந்தார். தேர் லயத்துக்கு வந்ததும், கொல்லையில் வெட்டிய ஒரு தாரைத் தோளில் சுமந்து வந்து அக்கா அவரிடம் நீட்டினார். பச்சைக் காய்.

யாரோ சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"மச்சான்மாரு அடிச்சுக்கப் பழம் இருக்கட்டும்ண்ணே. இதையும் எறிங்க. யாரு வூட்டு ஒலைக்காச்சும் ஆகும்."

பத்துமலை அண்ணன் தேரிலிருந்து குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.