பாலம்மாள் இறக்கிய கிரீடம்

ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் லாரிகள் நிற்கும் பொட்டலில் பாலம்மாளுக்குச் சருகு வேலை. லாரித் தட்டில் காய்ந்த வாழைச் சருகை மெத்தையாகப் பரப்ப வேண்டும். ஓர் அடுக்குத் தார் ஏறியதும் அதன்மேல் மறுபடியும் சருகு. அவள் புருசன் கொம்பையா தார் சுமக்கிறவன். தலையில் சும்மாடு, அதன்மேல் இரண்டு தார், லாரிக்குச் சாய்த்துப் போட்ட பலகையில் ஒரே மூச்சில் ஏறிவிடுவான்.

சருகு போடுகிறவளுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பச்சைக்காய் அடிபட்டால் அன்றைக்குத் தெரியாது. தோல் பளபளவென்றுதான் இருக்கும். பழுக்கும்போதுதான் உள்ளே கறுத்துக் கன்றிப்போனது வெளியே வரும். அதனால் பாலம்மாள் காயைப் பார்த்து ஏமாறுவதில்லை. எங்கே விழுந்தது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்றுதான் கேட்பாள்.

கொம்பையா சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன். வருசா வருசம் குலசேகரன்பட்டினம் தசராவுக்கு முத்தாரம்மனுக்கு வேண்டிக்கொண்டு போலீஸ் வேசம் போடுவான். லத்தியோடு ரோட்டில் நின்று லாரிகளை மறித்து லைசென்ஸ் கேட்பான். டிரைவர் தாஜ் முகம்மது ஒவ்வொரு வருசமும் வண்டியை நிறுத்தி, பயந்தவர் போலக் கையெடுத்துக் கும்பிட்டு, உண்டியலில் காணிக்கை போட்டுவிட்டுத்தான் போவார்.

தொண்ணூற்று நான்காம் வருசம் ஆவணி மாதம். தூறலில் நனைந்த பலகையில் கொம்பையாவின் கால் வழுக்கியது. சும்மாடு ஒரு பக்கம் பறக்க, பின்மண்டை லாரியின் இரும்புச் சட்டத்தில் மோதியது. ரத்தம் வரவில்லை. ஆனால் கண் திறக்கவில்லை. ஆளாளுக்குத் தண்ணீர் தெளித்தார்கள். தாஜ் முகம்மதுதான் அவனைத் தூக்கி லாரியில் போட்டு, பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினார்.

புருசன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கருங்குளம் தாண்டும்போது பாலம்மாள் சத்தமாகவே வேண்டினாள். "அம்மா, முத்தாரம்மா. இவுக கண்ணு முழிக்கட்டும். இந்தத் தசராவுக்கே ஒனக்குக் காளி வேசம் கட்டி ஆடச் சொல்லுதேன்."

செய்துங்கநல்லூரில் அவன் கண் திறந்தான்.

"எங்கன போவுதோம்?"

"ஒங்கிட்ட லைசென்ஸ் காட்டத்தாம்ல போவுதோம்" என்றார் தாஜ் முகம்மது. அழுதுகொண்டிருந்த பாலம்மாள் சிரித்துவிட்டாள். சற்று நேரத்தில் அவன் மறுபடி கேட்டான். "எங்கன போவுதோம்?" சொன்னார்கள். திரும்பவும் கேட்டான். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் தாஜ் முகம்மதுவுக்குச் சிரிப்பு நின்றுபோனது.

டாக்டர் ப்ரீதா சின்ன வயசுக்காரி. தலையில் அடிபட்டு வருகிறவர்களை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்து ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கொம்பையாவைத் தமிழ் மாசங்களைப் பங்குனியிலிருந்து பின்னால் சொல்லச் சொன்னாள். பங்குனி, மாசி, தை என்று வந்தவன், மார்கழி என்று சொல்லிவிட்டு மறுபடி தைக்குப் போனான்.

"ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்லம்மா" என்றாள் பாலம்மாளிடம். "அதனால ஒண்ணுமில்லேன்னு நெனச்சிடாதீங்க. மூளை குலுங்கியிருக்கு. அது படத்துல தெரியாது. ஓய்வுதான் மருந்து. தலைவலி முழுசா நின்னு, நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் சுமை கூடாது, இரைச்சல் கூடாது. ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா, சின்ன அடியா இருந்தாலும் மூளை சட்டுனு வீங்கிடலாம். அப்புறம் எங்க கையில இல்ல."

"சின்ன அடிக்கு ஏன் அப்படி ஆவுது?"

"முழுசா யாருக்கும் தெரியலம்மா. அதத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன்."

டாக்டர் சொன்னது பாலம்மாளுக்கு விளங்கியது. தோல் பளபளவென்று இருக்கிறது, உள்ளே கன்றியிருக்கிறது. லாரியில் வைத்து வேண்டியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காளி ஆட்டத்தில் சுமையும் உண்டு, இரைச்சலும் உண்டு.

வீட்டுக்கு வந்த கொம்பையா பழைய ஆள் இல்லை. பகலிலும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். தட்டு விழுந்தால் கத்தினான். சாப்பிட்டதை மறந்து, சோறு கேட்டுச் சண்டை பிடித்தான். ஒன்றை மட்டும் மறக்கவில்லை. காளி கட்டுவதாக நேர்ந்துகொண்ட விசயத்தை தாஜ் முகம்மது சொல்லியிருந்தார்.

"போலீசுக்குப் பிரமோசன் வந்துட்டு பாத்தியாட்டி" என்றான். அடிபட்ட பிறகு அவன் சிரித்தது அதற்குத்தான்.

"டாக்டரம்மா கூடாதுன்னுட்டா. அடுத்த வருசம் கட்டுங்க."

"உசிரு இந்த வருசம் வேணும், காளி அடுத்த வருசமா? எனக்குத் தலவலி போயிட்டு." சொல்லும்போதே வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான்.

தசராக் குழுவுக்குத் தலைவர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி. பாலம்மாள் அவரிடம் போய் நின்றாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தள்ளிப் போடச் சொல்ல நான் ஆரு தாயி? நேந்தவ நீ. பூக்கட்டிப் பாப்போம். அவ உத்தரவு என்னவோ அது."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். ஒரே மாதிரி இலையில் சுற்றி அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். வெள்ளை வந்தால் அடுத்த வருசம், சிவப்பு வந்தால் இந்த வருசம். கண்ணை மூடிக்கொண்டு பாலம்மாளே எடுத்தாள். பிரித்துப் பார்த்தால் சிவப்பு.

அதற்குமேல் அவள் யாரிடம் கேட்பது? கொம்பையா மாலை போட்டு, ஊருக்கு வெளியே ஓலைக் குச்சிலில் தங்கித் தானே பொங்கித் தின்றான். விரதக்காரன் பக்கத்தில் பெண்டாட்டி போகக்கூடாது. பாளையங்கோட்டைக்கு அவனைக் கூட்டிப்போக வேண்டிய நாளில் பாலம்மாள் மட்டும் போனாள். டாக்டர் ப்ரீதா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எப்படியாவது நிறுத்துங்கம்மா" என்றாள். எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை.

பாலம்மாள் மந்திரமூர்த்தியிடம் கடைசியாகக் கேட்டது கிரீடத்தைப் பற்றி. காளி கிரீடம் மரச்சட்டமும் தகரமும் வைத்துக் கட்டியது; ஒரு தார் கனம் இருக்கும். ஆட்டத்தில் நழுவாமலிருக்க தாடைக்கு அடியில், நாடியோடு சேர்த்துத் துணியால் இறுக்கிவிடுவார்கள். அட்டைக் கிரீடம் வைக்கலாம் என்று மந்திரமூர்த்தி ஒத்துக்கொண்டார். கொம்பையா கேட்கவில்லை. "ரெண்டு தார் சொமந்த தல அண்ணாச்சி இது."

காப்புக் கட்டி, காணிக்கை எடுக்கக் குழு ஊருக்குள் வந்த அன்று பாலம்மாள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, சருகுக் கட்டு அறுக்க இடுப்பில் செருகிய பன்னருவாளோடு தெருவுக்கு ஓடினாள். மேளம் காதைப் பிளந்தது. நீலம் பூசிய முகமும் தொங்கும் நாக்குமாகக் கொம்பையா ஆடிவந்தான். பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. டீக்கடைப் பக்கம் திரும்பும்போது முன்னால் நீட்டியிருந்த தகரக் கூரையின் சட்டத்தில் கிரீடம் இடித்தது. பெரிய இடி இல்லை. மேளக்காரர்கள்கூடக் கவனிக்கவில்லை. ஆனால் இறுக்கிக் கட்டிய கிரீடத்தோடு கழுத்து வெடுக்கென்று பின்னால் போய் வந்ததைப் பாலம்மாள் பார்த்தாள்.

அவன் நாலைந்து அடி ஆடினான். பிறகு கால் பின்னியது. நின்ற இடத்தில் சுழன்றான். வாயிலிருந்து கோழையும் தண்ணீருமாக வந்து மார்பில் வழிந்தது.

"அம்மை எறங்கிட்டா" என்று யாரோ சொன்னார்கள். குலவை எழும்பியது. மேளம் இன்னும் வேகம் பிடித்தது. ஒருத்தி பிள்ளையை அவன் காலடியில் கிடத்தினாள்.

பாலம்மாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவன் முன்னால் போனாள். "இந்தாருங்க, என்னப் பாருங்க. பங்குனிக்கு முன்ன என்ன மாசம்?"

அவன் கண் அவளைத் தாண்டி எங்கோ போனது. "எங்கன போவுதோம்?" என்றான்.

"அம்மை போவ எடம் கேக்கா, சொல்லுங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"எங்கன போவுதோம்?"

பாலம்மாள் கிரீடத்தைப் பிடித்தாள். மந்திரமூர்த்தி ஓடி வந்தார். "ஏட்டி, காப்புக் கட்டுன ஒடம்பு. தொடாத. குடும்பத்துக்கே ஆவாது."

"நேந்தது நான். அதுக்கு உள்ளத அவ எங்கிட்ட வாங்கிக்கிடட்டும்."

வேர்வையில் ஊறிய முடிச்சு அவிழவில்லை. பன்னருவாளை நாடிக்கும் துணிக்கும் நடுவில் கொடுத்து அறுத்தாள். கிரீடம் தெருவில் விழுந்து தகரம் நெளிந்தது. மேளம் நின்றது. அந்த அமைதியில் கொம்பையா அவள்மேல் அப்படியே சரிந்தான். ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாக விரிந்திருந்தது.

தூக்க ஒருவரும் முன்வரவில்லை. சேதி கேட்டு தாஜ் முகம்மது பாதி தார் ஏற்றிய வண்டியோடு வந்தார்.

மண்டை ஓட்டைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்தார்கள். உயிர் தங்கியது. தை மாதம் வீட்டுக்கு வந்தபோது வலது கை மடங்கியபடி இருந்தது, பேச்சு குழறியது, காலையில் சொன்னது மத்தியானம் நினைவில் இல்லை. வேண்டுதல் முடிந்து காப்பு அறுபடுமுன்னே கிரீடத்தை இறக்கினதால் அம்மை அவனைப் பாதியில் விட்டுவிட்டாள் என்றது ஊர். இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருந்தால் பிணமாகத்தான் வந்திருப்பார் என்றாள் டாக்டர். காளி நேர்ந்தது யார் என்பதை இரண்டு தரப்பும் பேசவே இல்லை. பாலம்மாளுக்கு உள்ளே மட்டும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

டாக்டர் சொன்னபடி சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் அவனை உட்கார வைத்து மாசம் கேட்பாள். பங்குனி என்பான். மாசி என்பான். அப்புறம் கையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கொஞ்ச நாளில் வேறொரு தொல்லை ஆரம்பித்தது. அவன் குழறுவதைக் குறி என்று எடுத்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தோடு ஆட்கள் வாசலில் நின்றார்கள். பாலம்மாள் விளக்குமாற்றால் விரட்டினாள். புருசனைப் பாதியாக்கியவள், இப்போது அம்மனையும் அடைத்து வைத்திருக்கிறாள் என்று அதற்கும் பேசினார்கள்.

அடுத்த தசராவுக்குக் கொடியேறிய சமயம், பக்கத்துத் தெரு கோமு தன் மகளோடு வந்தாள்.

"மைனி, ஏசாதீக. பிள்ள நேத்து ஆத்துப் படித்துறையில விழுந்துட்டா. ரத்தமே இல்ல. ஆனா ஒரு மாதிரியா முழிக்கா. அண்ணன் கையால துன்னூறு போட்டா போதும்."

பாலம்மாள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "எந்தப் படியில இருந்து விழுந்தா? தல எதுல இடிச்சிச்சு? வாந்தி எடுத்தாளா?"

"காலையில ரெண்டு தடவ."

பிள்ளையின் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தமிழ் மாசம் தெரியாத வயசு. "சனிக்கெழமைக்கு முன்ன என்னம்மா?"

"வெள்ளி."

"அதுக்கு முன்ன?"

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

"வியாழன்" என்றது உள்ளேயிருந்து கொம்பையாவின் குரல். குழறாமல், தெளிவாக வந்தது.

கோமு கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மையே வாயத் தொறந்துட்டா மைனி."

பாலம்மாள் உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் கண்ணையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அம்மையில்லட்டி, எம்புருசன்" என்றாள். "பிள்ளயத் தோள்ல போடு. பைய, தல ஆடாமத் தூக்கு. பாளையங்கோட்டை பஸ்ஸு வாரதுக்குள்ள ரோட்டுக்குப் போவணும்."