நாலு மணி நாற்காலி

வாசகசாலையைப் பெருக்க வேண்டியவள் அதைப் பார்த்துக்கொள்ளும் பின்சி. பெருக்குவது கற்பகம். உடும்பஞ்சோலை ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கிவிட்டு நாலு மணிக்கு வருவாள். மேசை துடைத்து, தரை பெருக்கி, ஜன்னலைத் திறந்து வைப்பாள். பேப்பர் படிக்க ஆள் வர ஐந்து மணியாகும். மிஞ்சுகிற முக்கால் மணி நேரம் ஜன்னலோர நாற்காலி அவளுக்கு. அதுதான் இருவருக்கும் பேச்சு.

அந்த நாற்காலி லேசில் கிடைத்துவிடவில்லை. எஸ்டேட் லயத்து வீட்டில் கதை எழுத நோட்டைத் திறந்தால் கணவன் ஈஸ்வரன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "யாருக்குடி லெட்டர்?" என்பான். வெயிட்டிங் ஷெட்டில் உட்கார்ந்து பார்த்தாள்; மூன்று பஸ் போனதும் எந்த ஊருக்கு என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். சாலையோர மாதா குருசடிப் படி நல்ல இடம்தான். ஆனால் கபிரியேல் உபதேசியார் அவளுக்கு ஏதோ பெரிய கஷ்டம் என்று எண்ணி, பக்கத்தில் நின்று ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். டீக்கடை பெஞ்சில் ஒரு சாயாவை எவ்வளவு நேரம்தான் குடிப்பது?

வாசகசாலை ஜன்னலுக்கு வெளியே மிளகுக்கொடி, அதற்கப்பால் பனி. யாரும் எதுவும் கேட்பதில்லை. லயத்துப் பெண்களைப் பற்றிப் பெயரோடு எழுதினாள். பெயரை மாற்றினால் ஆளே வேறாகிப் போனாள்.

நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம். பழைய மலையாளப் பத்திரிகைகளுக்குப் பின்னால், பூட்டில்லாத அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். முதல் நாளே பின்சி சொல்லியிருந்தாள்: "தமிழ் பேசுவேன் சேச்சி. எழுத்து ஒண்ணும் பிடி கிட்டாது. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்." அதை நம்பி எட்டு மாதம்.

திங்கட்கிழமை ஸ்டோரில் எதிரே உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சித்ரா, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "யக்கா, இனிமே முட்டை ஓட்டை உங்க குழியில போட மாட்டேன். எங்க மாமியாரே சுமந்துகிட்டுப் போய்க் கொட்டுமாம்."

கற்பகத்தின் விரல்கள் நின்றன. மாமியார் குளிக்கப் போகிற நேரம் பார்த்துச் சித்ரா ஒரே ஒரு முட்டை அவித்துத் தின்பதும், ஓட்டைக் கற்பகத்தின் குப்பைக்குழியில் புதைப்பதும் இரண்டே பேருக்குத் தெரிந்தது. அப்புறம் அந்த நோட்டுக்கு.

"யாருடி சொன்னா?"

"ஞாயித்துக்கிழமை வாசகசாலைப் பொம்பளைங்க கூட்டத்துக்கு நீங்க வரலைல்ல. பின்சி சேச்சி உங்க நோட்டை வாசிச்சுக் காட்டுச்சு. நம்ம கற்பகம் எழுதினதுன்னு ஒரே பெருமை. எல்லாவளும் கை தட்டுறாளுக. எங்க மாமியார் முன்வரிசை."

"அவ இப்படிப் பண்ணுவான்னு நான்..."

"அந்தச் சேச்சி யாரோக்கா. நீங்கதான பக்கத்து வீடு."

அன்றும் நாலு மணிக்குக் கற்பகம் வாசகசாலைக்குப் போனாள். கை பழக்கத்தில் விளக்குமாற்றை எடுத்தது. பாதி பெருக்கியபோது பின்சி பேப்பர்க்கட்டோடு வந்தாள்.

"உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா?"

பின்சி கட்டைப் பிரித்தாள். "நாலாங்கிளாஸ் வரைக்கும் எஸ்டேட் தமிழ் ஸ்கூல்தான் சேச்சி."

"அப்பறம் ஏன் தெரியாதுன்ன?"

"தெரியும்னா இங்க வச்சிட்டுப் போயிருப்பீங்களா? நல்லா இருந்துச்சு. அதான் வாசிச்சேன்."

"பேரையாவது மாத்தி வாசிச்சிருக்கலாம்ல?"

"நீங்க மாத்தி எழுதியிருக்கலாம்ல?"

கற்பகம் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து, முந்தானையால் துடைத்தாள்.

"சித்ரா மொகத்துல நான் எப்படிடி முழிக்கிறது?"

பின்சி மலையாளப் பேப்பரை மேசையில் விரித்து, அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். கற்பகம் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசலருகே கூட்டி வைத்திருந்த குப்பையைத் தாண்டி நோட்டோடு வெளியே போனாள்.