அக்கா மீண்டும் பரப்பிய கற்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், சொல்லிவிட்டார். "ரொம்பப் புகழ்ந்து தள்ளிடாத, உங்கக்காவுக்குப் பிடிக்காது" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். ஆகவே புகழ்ச்சியைக் குறைத்துக்கொண்டு, அக்கா செய்த ஒரு தவறையும் அதைச் சரிசெய்வதற்காக அவர் எங்களைப் படுத்திய பாட்டையும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது தாராபுரத்தில். கோவையில் வேளாண்மை படித்தார். திருமணமாகி மாமாவோடு அமெரிக்காவில் லிவர்மோர் நகருக்கு வந்தபோது அவருடைய விசாவில் வேலைக்குப் போக அனுமதி இல்லை. நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆண்டுகளைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. பிறகு மண்ணியல் படிக்கச் சேர்ந்தார். கைக்குழந்தையாக இருந்த மகள் நிலாவை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டே பரீட்சைக்குப் படித்தார் என்று மாமா சொல்வார். படிப்பு முடிந்து கிடைத்த வேலை, சியேரா மலைகளுக்குக் கிழக்கே உயரத்தில் இருக்கும் மேய்ச்சல் நிலங்களில் மண் கணக்கெடுப்பது. அங்கே வருடத்தில் பாதி நாள் பனி. கோடையில் மட்டும்தான் தோண்ட முடியும். "எம் புள்ள அமெரிக்கா போயி குழி வெட்டுதுன்னு ஊருல எப்படிச் சொல்றது?" என்று அம்மா போனில் அங்கலாய்த்தார். கடைசியில் எல்லோரிடமும் கவர்மெண்ட் ஆபீசர் என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்.

குழி வெட்டுவதும் உண்மைதான். இடுப்பளவு வெட்டி உள்ளே இறங்கி, மண்ணை உள்ளங்கையில் எடுத்து, தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவு பதம் பார்ப்பதுபோல் பிசைந்து பார்ப்பார். அந்த மலை மண்ணில் பாதிக்குமேல் சரளைக் கல். மேலே ஒரு சாண் மட்டும் கறுப்பாக இருக்கும். குளிரில் இலை தழை சீக்கிரம் மக்காது, அதனால் அந்தக் கறுப்பு சேர்வதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பார். கற்களைப் புரட்டினால் அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். என்னைப் போன்ற கம்ப்யூட்டர்காரனுக்கு அது வெறும் கல்லுக்காடு. அக்காவோ அந்தக் கற்களை மண்ணுக்குப் போர்த்திய போர்வை என்பார். அவைதான் காற்றைத் தடுக்கும், பனி உருகிய ஈரத்தைக் காக்கும், இரவுக் குளிரில் தரை உறைந்து உப்பிப் புல்லின் வேரை மேலே தள்ளிவிடாமல் அழுத்திப் பிடிக்கும்.

டேல் என்ற மாட்டுப்பண்ணைக்காரருக்கு அங்கே ஒரு மலைச்சரிவு இருந்தது. அதில் கல்லைப் பொறுக்கிவிட்டு அறுத்துக் காயவைத்துச் சேமிக்கப் புல் விதைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டார். காய்ந்த புல் கைவசம் இல்லாவிட்டால் குளிர்காலத்தில் மாடுகளுக்குத் தீனி போட முடியாது, மாடுகளை விற்றுவிட்டு இடத்தைக் காலிசெய்ய வேண்டியதுதான். அக்கா குழி வெட்டிப் பார்த்தார். கூடாது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அதற்குள் டேலின் மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். அக்கா அசைவம் சாப்பிட மாட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவருக்காகவே பீன்ஸ் சமைத்து, ஆப்பிள் பை என்ற இனிப்பும் சுட்டு வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு, எழுந்த கையோடு அந்த வீட்டாரிடம் ஆகாத சொல் சொல்ல மாட்டோம். அக்கா சிரித்துக்கொண்டே விடைபெற்று வந்துவிட்டார். அறிக்கையில் எழுதிவிட்டால் போதும் என்று நினைத்தார். அறிக்கை ஆபீஸ் ஆபீஸாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவின் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட டேல், இலையுதிர் காலத்திலேயே இயந்திரம் வைத்துப் பாதிச் சரிவின் கல்லை வாரி ஓரத்தில் குவித்துவிட்டார். வசந்தத்தில் பனி உருகி ஓடியதும் அந்த ஒரு சாண் கறுப்பு மண்ணில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது. விதைத்தது ஒன்றும் முளைக்கவில்லை. டேல் மாடுகளில் சிலவற்றை விற்றார். அக்கா மன்னிப்புக் கேட்டபோது, தானும் வாய்திறந்து கேட்டிருக்க வேண்டும் என்றாராம் அந்த நல்ல மனிதர்.

அந்தச் சரிவில் மறுபடி மாடு மேய்வதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அன்றிலிருந்து அக்காவின் ஒரே பிடிவாதம். ஆபீஸ் இதற்கெல்லாம் ஆள் அனுப்பாது. ஆகவே ஒவ்வொரு கோடையிலும் சொந்த லீவில் போனார், எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். என்னோடு வேலை பார்ப்பவர்கள் ஹவாய் போய் வருவார்கள். நான் நகம் பெயர்ந்து சான் ஹோசே வீட்டுக்குத் திரும்புவேன். லிவர்மோர் கோயிலில் பழக்கமான குடும்பங்களையும் அவர் விடவில்லை. புளியோதரையும் மோரும் கட்டிக்கொண்டு வேன் பிடித்து வந்தார்கள், பாவம். குவியலிலிருந்து கல்லை எடுத்து, விதை தூவிய இடத்தில் பரப்ப வேண்டும். வெள்ளைப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. சாமி சிலையா, முகம் பார்த்து வைக்க என்று மாமா முணுமுணுப்பார். அப்படி வைப்பதால் புல்லுக்கு ஒரு லாபமும் இல்லை என்று அக்காவே பிறகு ஒப்புக்கொண்டார். இத்தனை காலம் படுத்திருந்தபடியே அது படுக்கட்டும் என்று தோன்றியதாம். அந்த நாட்களைப் போல மகிழ்ச்சியாக நாங்கள் வேறு எங்கும் இருந்ததில்லை. இதை அக்கா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

புல் மெதுவாக வந்தது. மாடு புகாமல் டேல் கம்பிவேலி போட்டு, அக்கா சொல்லும்வரை கதவைத் திறப்பதில்லை என்று வைத்திருந்தார். அதற்குள் அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் வந்துவிட்டது.

கடைசியாக அவர் அங்கே போனது, மறைவதற்கு முந்தைய கோடையில். டேல் நாற்காலி கொண்டுவந்து போட்டார். சரிவு பச்சையாக இருந்தது. அந்த வருடம் மழை பொய்த்து, மற்ற இடங்களில் தீனி தட்டுப்பாடு. திறக்கலாம் என்ற சொல்லுக்காக டேல் காத்திருந்தது முகத்திலேயே தெரிந்தது. அடுத்த கோடையை அக்கா பார்க்க மாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமா குனிந்து, "சரின்னு சொல்லிரு. பாத்துட்டாவது போலாமில்ல" என்றார். அக்கா நாற்காலியிலிருந்து கையை நீட்டி ஒரு பிடி புல்லைப் பற்றி இழுத்தார். மாடு நாக்கைச் சுற்றி இழுப்பது அப்படித்தான். புல் வேரோடு கையில் வந்துவிட்டது. இந்த வருடம் வேண்டாம் என்று டேலின் முகத்தைப் பார்த்தே ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு மாமாவிடம், "அன்னைக்கு வாய மூடிட்டு இருந்தேனுங்க. இன்னொரு தடவை அப்படி இருக்க முடியாதுங்க" என்றார்.

தை மாதம், வீட்டில், வலி அதிகம் இல்லாமல், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போது அக்கா போனார். நிலா அதுவரை எங்களுக்கு ஆங்கிலத்தில் மட்டுமே பதில் சொல்லிப் பழகியவள். அன்று முழுவதும் அம்மா, அம்மா என்று தமிழில்தான் அழுதாள்.

கீமோ நாட்களில் முறை போட்டுக்கொண்டு ரசமும் இட்லியும் கொண்டுவந்த அக்கம்பக்கத்து ஆண்ட்டிமார்களுக்கும், இரவென்றும் பகலென்றும் பாராமல் போனை எடுத்த மருத்துவருக்கும், காரியங்களைக் குறையில்லாமல் நடத்திக்கொடுத்த குருக்களுக்கும், ஊரிலிருந்து விசாவுக்கு அலைந்து வந்து சேர்ந்த சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நகம் பெயரக் கல் சுமந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அக்காவே போதுமான அளவு திட்டியும் கொஞ்சியும் இருக்கிறார்.

கடைசியாக டேலுக்கு நன்றி சொல்ல வேண்டும். தீனி இல்லாத வருடத்தில் மேலும் மாடுகளை விற்றாரே தவிர, அந்தக் கதவைத் திறக்கவில்லை. கேட்க அக்கா இல்லாத பிறகும் திறக்கவில்லை. சென்ற ஜூனில் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். மாமாவும் நிலாவும் நானும் போனோம். மண்ணைப் பற்றி வாழ்நாளில் ஒரு கருத்தும் சொல்லாத மாமா, மண்டியிட்டு ஒரு பிடி புல்லைப் பற்றி இழுத்தார். இலை மட்டும் அறுந்து கைக்கு வந்தது. இன்னோர் இடத்தில் இழுத்தார். அங்கும் வேர் அசையவில்லை. "புடிச்சிருச்சுடா. ஓப்பன் பண்ணச் சொல்லு" என்றார்.

டேல் கதவைத் திறந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். மாடுகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் மேய ஆரம்பித்தன.