மிஸிஸ் ஹெட்விக்கும் சுத்தியல் பிடித்த சம்மனசும்

ஃபோர்மன் வந்து டெலிபோன் என்று சொன்னபோது நான் ஒரு காரின் கதவுக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில், மிஸிஸ் ஹெட்விக் வீட்டில் இன்னும் குடியிருக்கிற தங்கராசா அண்ணை.

"அருளப்பு, மிஸிஸ் மோசம் போயிட்டா. காலமை நான் தேத்தண்ணியோட போறன், மனிசி கதிரையில இருந்தபடியே கிடக்குது."

"அப்ப முகம்?" என்று கேட்டேன்.

"என்னடாப்பா முகம்? ஆள் செத்துப்போச்சு எண்டுறன், நீ முகம் எண்டுறாய்!"

நான் கேட்டது மிஸிஸ் ஹெட்விக் அவர்களின் முகத்தை அல்ல. அவரிடமிருந்த மரச் சம்மனசின் முகத்தை. தேவதூதர்களை எங்கள் வேதக்காரர் சம்மனசு என்றுதான் சொல்வோம். ஒருவர் இறந்த செய்தியைக் கேட்டதும் வாயில் வந்தது அந்தக் கேள்விதான் என்பதற்கு எனக்கு வெட்கமில்லை. அவராயிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்து மலருக்கு அஞ்சலி எழுதித் தரும்படி கேட்டவர்கள், "எங்கள் எல்லாருக்கும் தாய் மாதிரி இருந்தவ எண்டு எழுதுங்கோ" என்று எடுத்தும் கொடுத்தார்கள். மன்னிக்க வேண்டும். தாயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல மனிதரைப் பேசக்கூடியவர் அவர். என்னை வீட்டை விட்டுத் துரத்தியவர். செத்துவிட்டார் என்பதற்காக நான் தேன் தடவி எழுதினால், ஃபுட்ஸ்கிரேயில் அவர் வீட்டில் இருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைத்தோல்காரருக்கு மட்டும்தான் இந்த நாடு என்ற சட்டத்தை நீக்கிய புதிதில் மெல்பேர்ணுக்கு வந்து இறங்கிய எங்கள் ஆட்களில் பாதிப்பேர் முதலில் படுத்தெழும்பியது மிஸிஸ் ஹெட்விக்கின் போர்டிங் வீட்டில்தான். மற்ற வீடுகளில் கதவைத் திறந்து எங்கள் நிறத்தைப் பார்த்ததும், அறைக்கு ஆள் வந்துவிட்டது என்பார்கள். இவர் திறந்தார், கால் முதல் தலை வரை பார்த்தார், "சப்பாத்தைக் கழற்று" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு. இரக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒருநாள் நானே கேட்டேன், ஏன் எங்களை எடுத்தீர்கள் என்று. "யுத்தம் முடிந்து நான் வந்தபோது இதே தெருவில் என் பேச்சைக் கேட்டுவிட்டு அறை இல்லை என்றார்கள். இப்போது அவர்கள் தினமும் உங்களைப் பார்த்துக்கொண்டு போகட்டும்" என்றார். அதாவது, பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர் வைத்த ஆப்புத்தான் நாங்கள்.

அவர் பேசியது இங்கிலிஷ், கோபம் வந்தால் ஜெர்மன். இங்கே தமிழில் எழுதுகிறேன். கடுமையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு ஒரு தண்டனை. குசினிச் சுவர் முழுக்க அவர் ஊர்ப் பங்குக் கோயிலின் படங்கள். ஜெர்மனியில் ஆற்றோரத்துச் சின்ன ஊர் ஒன்று. பெயரை எழுதமாட்டேன், எழுதினால் பிழை என்று திருத்த எழும்பி வந்துவிடுவார். உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருக்க, கரண்டியால் படங்களைக் காட்டி அவர் ஓதத் தொடங்குவார். சிங்கக் கால்களில் நிற்கும் கல் ஞானஸ்நானத் தொட்டி. யுத்தத்தில் உருக்கிப் பீரங்கி செய்வதற்கென்று இரண்டு தரம் இறக்கிக்கொண்டு போன மணிகள். பியர் நிலவறையில் மரத்தூளுக்குள் புதைத்து ஊர்ச்சனம் காப்பாற்றிய வண்ணக் கண்ணாடி யன்னல்கள், திரும்பப் பூட்டும்போது ஒன்றைத் தலைகீழாகப் பூட்டிவிட்டார்களாம். இராப்போசனப் படத்தை வரைந்தவன் ஊர்த்தலைவரோடு கொழுவிக்கொண்டு, யேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு அவருடைய முகத்தைப் போட்டுவிட, தலைவர் சாகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அதற்குக் கீழேயே இருந்து பூசை கண்டாராம். "அப்படிப்பட்ட ஊர் எங்கள் ஊர்" என்பார் பெருமையாக. நான் மனதுக்குள், பார்த்தாலே தெரியுது என்பேன். தங்கராசா அண்ணை சைவசமயம், வேதக்காரர் கதை ஒன்றும் விளங்காது, ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டி இரண்டாந்தரம் கிழங்கு வாங்கிவிடுவார்.

கடைசியாகப் பீடத்துக்கு வருவார். இரண்டு பக்கமும் கதவு வைத்த மரப்பீடம். அதன் உச்சியில் யேசுவைச் சிலுவையில் அறைந்து இறக்கிய கருவிகளைப் பிடித்தபடி எட்டுச் சம்மனசுகள். ஒன்றிடம் ஏணி, ஒன்றிடம் ஆணி. படத்தில் ஏழுதான் இருக்கும். எட்டாவது, சுத்தியல் பிடித்தது, குசினி அலுமாரியின் மேல் நின்றது. ஒரு முழங்கூட வராது. யுத்தம் முடிகிற தறுவாயில் கோயில் கூரை பற்றி எரிந்தபோது, அவருடைய தகப்பன் அதை மாச்சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டோடினாராம். தகப்பன் இறந்தபின் மகள் பெட்டிக்குள் வைத்துக் கப்பலேறிவிட்டார்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். ஒரு டிசம்பரில், நத்தாருக்கு முன், மிஸிஸ் ஹெட்விக் பித்தப்பை ஒப்பரேஷனுக்காகப் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அலுமாரியின் மேல் அந்தச் சம்மனசைப் பார்க்க எனக்கு மனம் கேட்கவில்லை. நிறம் மங்கி, மூக்கில் கரி பிடித்து, செட்டையில் பூச்சு உதிர்ந்து, கவனிப்பாரற்ற கோலம். எங்கள் ஊரில் பெருநாளுக்குக் கொடியேறுவதற்கு முன் சுருவங்கள் என்கிற புனிதர் சிலைகளையெல்லாம் இறக்கி, தேய்த்து, புதுப் பெயின்ற் பூசித்தான் திரும்ப ஏற்றுவோம். பழைய பூச்சோடு சுருவத்தை நிற்கவிடுவது பங்குக்கே அவமானம். நான் கார் பெயின்ற் அடிக்கிறவன், கை சும்மா இருக்குமா? உடுப்பைச் சாண்ட்பேப்பரால் தேய்த்து, நல்ல எனாமல் வாங்கி, செட்டைக்குப் பொன், உடுப்புக்கு நீலம், கன்னத்துக்கு ரோசா, கடைசியாக ஒரே இழுப்பில் கறுப்புக் கண். சத்தியமாகச் சொல்கிறேன், மினுங்கியது. தங்கராசா அண்ணைகூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மிஸிஸ் வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஜெர்மனில் என்னவோ சொன்னார். அதற்குப் பிறகு இங்கிலிஷில், "உன் பெட்டியை எடுத்துக்கொண்டு இப்போதே போ. சனிக்கிழமை பத்து மணிக்கு வா" என்றார்.

"போ எண்டுறா, வா எண்டுறா, என்ன அண்ணை இது?" என்று தங்கராசா அண்ணையிடம் கேட்டேன். "ரெண்டையும் செய்" என்றார் அவர்.

சனிக்கிழமை அங்கே ஒரு பெண் இருந்தார். மியூசியமொன்றில் பழைய சிலைகளைச் சீராக்குகிறவர். பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்துவிட்டு, பழைய நிறம்தான் இந்தச் சிலையின் உயிர் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். ஆஸ்பத்திரிக் கத்தியும் பஞ்சுக் குச்சியும் தந்து, எனாமலை எப்படிப் பொட்டுப் பொட்டாக எடுப்பதென்று காட்டினார். ஒரு நாளுக்கு நகக்கண் அளவு, அதற்கு மேல் வேண்டாம் என்றார். உள்ளே பழசு இருக்குமா என்று மிஸிஸ் கேட்டார். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்றார் அந்தப் பெண்.

அன்று தொடங்கி இரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் அந்தக் குசினியில் குனிந்திருந்தேன். ஏன் போகிறீர்கள் என்று என் மனைவி ஊரிலிருந்து கடிதத்தில் கேட்டுக்கொண்டேயிருந்தாள். பிழை செய்தவன் நான், அதனால் போனேன். எதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு மிஸிஸ் இருப்பார். உடுப்பில் நான் சாண்ட்பேப்பர் தேய்த்த இடங்களில் எனாமலுக்குக் கீழே வெறும் மரம்தான் வந்தது. ஒவ்வொரு தரமும், "இதைச் செதுக்கியவன் பெயர் யாருக்கும் தெரியாது. கெடுத்தவன் பெயர் தெரியும். அருளப்பு" என்பார். என் பெயரை அவ்வளவு திருத்தமாக இந்த நாட்டில் வேறு யாரும் சொன்னதில்லை.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "நான் கெடுத்தன். நீங்கள் களவெடுத்தனீங்கள். கோயில் சாமானைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது ஆர்?" என்று கேட்டுவிட்டேன். அன்று தேத்தண்ணி கிடைக்கவில்லை. அடுத்த கிழமை என் முன்னால் ஒரு கடிதத்தைப் போட்டார். அவர் ஊர்ப் பங்குச் சாமியார் எழுதியது. மிஸிஸ் தானே முந்தி எழுதிப் பாவத்தை ஒப்புக்கொண்டிருக்கிறார். பீடத்தின் உச்சியில் அந்த இடத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறோம், நீங்களே கொண்டுவந்து வையுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. நான் எனாமலும் கையுமாக நின்ற அந்த நத்தாருக்கு அடுத்த உயிர்த்த ஞாயிறுக்குப் போவதற்கு அவர் கப்பல் விசாரித்துக்கொண்டிருந்தாராம்.

"முகத்தைக் கொன்றுவிட்டாய். முகமில்லாததை எப்படிக் கொண்டுபோய் வைப்பேன்?" என்று கேட்டார்.

செட்டை முடிந்தது, உடுப்பு முடிந்தது, கைகளும் சுத்தியலும் முடிந்தன. முகம் மட்டும் நான் பூசிய ரோசாக் கன்னமும் கறுப்புக் கண்ணுமாக அப்படியே நின்றது. அதில் கத்தி வைக்க அவர் விடவேயில்லை.

"உள்ளுக்க இருக்கு மிஸிஸ்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "முகத்தில நான் சாண்ட்பேப்பர் வைக்கேல்லை. எங்கட ஊரில சுருவத்தின்ர முகத்தைத் தேய்க்கமாட்டினம், அது பாவம். மெழுகுதிரிக் கரிக்கு மேலதான் பூசினனான். கரிதான் நடுவில நிக்குது. பழசு பழுதாகாமல் இருக்கும்."

"பொய். என்னைச் சம்மதிக்க வைக்கச் சொல்கிறாய்."

"ஒரு பொட்டுத் திறந்து பாப்பம். காதுக்குப் பக்கத்தில."

"திறந்து பார்த்து மரம் வந்தால்? இப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல் இருக்கிறவரைக்கும் அது இருக்கிறது."

"உங்களுக்குப் பயம்" என்றேன்.

"ஓம்" என்றார். எங்களிடம் அவர் பொறுக்கிக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் அதுதான்.

இவ்வளவு வாய் வைத்திருக்கிற மனிசிக்கு இந்தச் சின்ன விஷயத்துக்குத் துணிவில்லையே என்று எனக்கு வயிறெரிந்தது. நான்கு மாதம் இதே சண்டை. நான் போவேன், முடிந்த இடங்களைத் திரும்பத் துடைப்பேன், கேட்பேன், அவர் மாட்டேன் என்பார், திரும்பி வருவேன். கடைசிச் சனிக்கிழமை கதவடியில் நின்று, "நீங்கள் செத்தாப் பிறகுதான் நான் அதைத் திறக்கவேணுமோ?" என்று கேட்டேன். கோபத்தில் கேட்டதுதான். "அப்போது உனக்கு ஏச ஆளிருக்காது, அருளப்பு, வேலை ஓடாது" என்றார். அடுத்த வியாழக்கிழமை டெலிபோன் வந்தது.

அடக்கத்துக்கு எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வந்தார்கள். சிலர் அழுதார்கள். நான் அழவில்லை. லோயர் எங்களைக் கூப்பிட்டு, சம்மனசு அடுத்த மாதக் கப்பலில் ஊர்க் கோயிலுக்குப் போகவேண்டும் என்று மிஸிஸ் எழுதிவைத்திருப்பதாகச் சொன்னார். முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லையாம். தொடு என்றும் இல்லை, தொடாதே என்றும் இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். தங்கராசா அண்ணை கதவைத் திறந்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். காதுக்குப் பக்கத்தில் கத்தி நுனியை வைத்தேன். மெல்ல நெம்பினேன். எனாமல் வெங்காயச் சருகு போலக் கழன்று வந்தது. கரியில் அது ஒட்டவேயில்லை. பஞ்சை நனைத்து ஒற்றினேன், பஞ்சு கறுத்தது. திரும்ப ஒற்றினேன். நகக்கண் அளவு என்ற சட்டத்தை அன்று மீறினேன். கன்னம் வந்தது, மங்கிய மாம்பூ நிறத்தில். அதற்கு மேல் கண்ணிமை. என் கறுப்புக்குக் கீழே, நீலமென்றும் சொல்லமுடியாத சாம்பலென்றும் சொல்லமுடியாத ஒரு கண், கீழே பூசை காணுகிற சனத்தைப் பார்க்கிற மாதிரிக் கொஞ்சம் தாழ்ந்து, ஒரு கீறல் இல்லாமல் முழுசாக இருந்தது.

"இருக்கு! பாருங்கோ, இருக்கு!" என்று கத்திவிட்டேன். தங்கராசா அண்ணை தோளில் போட்ட துவாயோடு ஓடிவந்தார். "ஆருக்கடா சொல்லுறாய்?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். நான்கு மாதம் அந்தக் கண் எங்கள் இருவருக்கும் நடுவில், கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு காலை நேரம் போதும். பார்த்திருக்கலாம், கப்பலேறியிருக்கலாம், தன் கையாலேயே கொண்டுபோய் வைத்திருக்கலாம்.

மிஸிஸ் ஹெட்விக், நீங்கள் சொன்னது பிழை. முகம் சாகவில்லை. பிழைதான் அருளப்பு என்று உங்கட வாயால ஒருக்காச் சொல்லாமல் போயிட்டியள், அதை நான் மன்னிக்கமாட்டன். மற்றக் கண்ணைக் கப்பல் வரமுன்னம் திறந்துபோடுவன்.

போயிட்டு வாங்கோ.