கடைசிப் பக்கத்தில் ஒரு கிளாரினெட்

"மேடம், மியூசிக்கோட முடிவையே காணோமாம்" என்று மேனேஜர் என் இடத்துக்கு வந்து நின்றபோது காலை பத்து மணி. கையில் வாடிக்கையாளர் மெயிலின் பிரிண்ட். அவர் எதையும் பிரிண்ட் எடுப்பவர் அல்ல. எடுத்தால் அன்றைக்கு யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் அலுவலகம் பழைய அச்சுப் பிரதிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறது. பதினெட்டு வருடம் மருத்துவ இதழ்களில் பிழை பார்த்த என்னைத்தான் மியூசிக் பிராஜெக்ட்டுக்கு க்யூசி, அதாவது அனுப்பும் முன் கடைசியாகச் சரிபார்ப்பவள், ஆக்கினார்கள். மூன்று வாரம் டிரெயினிங். இசைக் குறிகளைக் கண்ணால் படிக்கக் கற்றுக்கொண்டேன். காதுக்கு அதில் வேலையே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அனாதைப் பக்கம்

வந்த வேலை, நூறு வருடத்துக்கு முன் வெளிநாட்டில் ஒருவர் எழுதிய கிறிஸ்துமஸ் இசை. எழுதியவரை அவர் ஊரிலேயே மறந்துவிட்டார்களாம். ஒரு இசைக்குழு அதை இந்த டிசம்பரில் வாசிக்க விரும்பியது. பக்கத்துக்கு இருபத்திரண்டு வரி, ஒவ்வொரு வரியும் ஒரு வாத்தியத்துக்கு. முதல் முறை பார்த்தபோது எனக்குத் தலை சுற்றியது.

டைப் செய்தவன் சேவியர். ஆவடி முத்தாபுதுப்பேட்டைக்காரன், டிஃபென்ஸ் ஃபேக்டரி ஊழியர் வீட்டுப் பிள்ளை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகப் போகிறது, ஜனவரியில் நிரந்தரப் பணிக் கடிதம் வர வேண்டும். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் வீட்டில் கல்யாணப் பேச்சை எடுக்கப் போவதாக எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

ஸ்கேன் செய்து வந்த பக்கங்களில் கடைசியாக ஒரு பக்கம். அதில் ஒரே ஒரு வரி, ஓரம் கிழிந்து பக்க எண்ணும் இல்லை. முந்தைய பக்கத்தின் மேல்வரியில் சுருதியைக் காட்டும் மூன்று ஃப்ளாட் குறிகள் இருந்தன, இதில் ஒன்றுதான். இது வேறு ஏதோ பாட்டின் பக்கம், கலந்து வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

"அக்கா, இது அதோட தொடர்ச்சி மாரி கீது. ஒரு க்வெரி போட்டு கேட்டுக்கலாமே" என்றான் சேவியர்.

க்வெரி என்பது வாடிக்கையாளருக்கு அனுப்பும் சந்தேகக் கேள்வி. அந்த வாரம் ஏற்கெனவே நிறைய அனுப்பியிருந்தோம், இன்னொன்று அனுப்ப எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொன்னேன். முந்தைய பக்கத்தில் முடிவுக்கான தடித்த கோடு இல்லை. அதையும் அச்சுப்பிழை என்று நினைத்து, அந்தக் கோட்டை நானே போட்டேன். பதினெட்டு வருட அனுபவம் இல்லாத ஒருவர் இவ்வளவு தெளிவாகத் தப்பு செய்திருக்க முடியாது.

தூளி

மெயில் வந்த அன்று காலை, பக்கத்தை விட்டது சேவியர்தான் என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார். அவனைப் பிராஜெக்ட்டிலிருந்து எடுக்கப் போவதாகச் சொன்னார். எடுத்தால் ஜனவரி கடிதம் வராது. சேவியர் என்னைப் பார்த்தான், பிறகு கீபோர்டைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணிக்கு அந்த இசைக்குழுவின் இசைப் பிரதிகளைப் பராமரிக்கும் அம்மாள் வீடியோ காலில் வந்தார். வயதானவர், சத்தம் போடவில்லை. கிளாரினெட் என்ற ஊதுகுழலுக்கு மட்டும் ஃப்ளாட் குறிகளை வேறு மாதிரி எழுதுவது வழக்கம், மற்ற வாத்தியங்கள் வாசிக்காத இடத்தில் அவற்றின் வரிகளை அச்சிட மாட்டார்கள் என்று விளக்கினார். பிறகு அந்த முடிவைத் தானே முனகிக் காட்டினார். மாட்டுத் தொழுவத்தில் குழந்தை தூங்கிவிடுகிறது, மேய்ப்பர்கள் தூங்கிவிடுகிறார்கள், மொத்த இசைக்குழுவும் நின்றுவிடுகிறது. கொஞ்சம் மௌனம். அப்புறம் ஒரு கிளாரினெட் மட்டும் அதே தாலாட்டைத் திரும்ப எடுக்கிறது, ஏனென்றால் தாய் இன்னும் தூங்கவில்லை.

எனக்கு என் மகளின் தூளி ஞாபகம் வந்தது. அவள் தூங்கிய பிறகு பாட்டை நிறுத்திவிடுவேன், கை மட்டும் ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் கையைத்தான் நான் வேண்டாத பக்கம் என்று எடுத்துவிட்டேன். அழுகை வந்துவிட்டது.

கால் முடிந்ததும் மேனேஜரிடம் சொன்னேன். "சார், சேவியர் க்வெரி போடலாம்னுதான் சொன்னான். பக்கத்தை எடுக்கச் சொன்னது நான்."

அவர் மெயில் பிரிண்டை மடித்து வைத்தார். அடுத்த மூன்று மாதம் நான் பார்த்ததை இன்னொருவர் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும் என்றார். நியாயம்தான். சேவியரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு தெரியும்க்கா. அதான் கம்முனு இருந்தேன்" என்றான். அந்த நம்பிக்கைக்கு அரை நாள் தாமதமாகத்தான் தகுதியானேன். பக்கத்தை அன்றே திருத்தி அனுப்பினோம். அவன் கடிதமும் ஜனவரியில் தவறாமல் வந்தது.

மீட்டிங் ரூமில்

கச்சேரியின் பதிவை அந்த அம்மாள் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன் அனுப்பினார். சாப்பாட்டுக்குப் பிறகு மீட்டிங் ரூமில் கேட்டோம். ஆவடி குவார்ட்டர்ஸில் டிரம்ஸ் அடித்துக்கொண்டு வரும் கேரல்தான் எங்களுக்குத் தெரிந்த கிறிஸ்துமஸ். இது வேறு மாதிரி. அடித்தொண்டையில் யாரோ பேசுவது போல ஆரம்பித்து, நடுவில் சந்தை மாதிரி கூடி, மெல்ல மெல்ல இறங்கியது. என் கண்ணுக்குப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெரிந்ததெல்லாம் இவ்வளவு அழகா என்றிருந்தது.

சந்தேகம் வந்தால் கேளுங்கள், அனுபவத்தை நம்பிப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். நான் சொல்ல வந்த பாடம் அவ்வளவுதான்.

பதிவில் எல்லா வாத்தியமும் நின்றது. ஏசி சத்தம் மட்டும் கேட்டது. "சூப்பர்" என்று மேனேஜர் லேப்டாப்பை மூடக் கையை நீட்டினார். நான் சட்டென்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இருங்க சார். இன்னும் ஒரு பக்கம் இருக்கு."