பெரியம்மா தேத்தண்ணி குடித்த கடைகள்

எங்கள் பெரியம்மா சிங்கப்பூருக்கு வருவது சாப்பிடுவதற்காகத்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் அதை மறுத்ததில்லை. ஈப்போவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காலை நேரத்தில் புட்டும் இடியாப்பமும் விற்றுத் தனியாக வாழ்ந்துவந்தவள், பள்ளி விடுமுறை வந்ததும் கடையைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு ரயிலேறிவிடுவாள். "இந்த ஊருல என்ன புதுசா ஆக்குறாங்கன்னு பாத்துட்டுப் போனாத்தான் என் யாவாரம் ஓடும்" என்பாள். தேக்காவில் எங்கள் வீட்டு வாசலில் அவள் டிரைஷா வண்டியிலிருந்து இறங்கும்போதே அப்பா கேலியை ஆரம்பித்துவிடுவார். "வாங்க, வாங்க. கடைக்காரங்க எல்லாம் உங்களத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்காங்க."

பெரியப்பாவை நான் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் ரயில் ரோடு போட அவரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள் என்று மட்டும் தெரியும். அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குப் போவதுபோல அவர் சயாமுக்குப் போயிருக்கிறார், வேலை இன்னும் முடியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய வேலையாக இருக்க வேண்டும். போருக்குப் பிறகு பிறந்த எனக்கே எட்டு வயதாகிவிட்டது.

அம்மாவுக்குக் கைக்குழந்தை இருந்ததால், பெரியம்மாவுக்குத் துணையாகப் போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. துணை என்பது பேச்சுக்குத்தான். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாத சந்துகள் ஈப்போக்காரியான அவளுக்குத் தெரிந்திருந்தன. காலையில் தேக்கா சந்தையில் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் தூவிய இடியாப்பம். அதை ஒரு வாய் போட்டுப் பார்த்து, "மாவு வறுத்தது போதல" என்று விற்பவரிடமே சொல்லிவிடுவாள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் மறுநாள் எங்களைக் கூப்பிட்டு, "இன்னிக்கு எப்படிம்மா?" என்று கேட்பார். மதியம் அரபுத் தெருப் பக்கம் முட்டையும் கறியும் வைத்து மடித்த முர்தபா. வெயில் சாய்ந்தால் ஆற்றோரத்துச் சீனர் கடையில் கரியடுப்பில் வாட்டிய ரொட்டி. நடந்து அலுத்தால் சிவப்புப் பாகு ஊற்றிய ஐஸ் உருண்டை. உருகி முழங்கை வரை வழியும். இவ்வளவு பெரிய ஊரை ஒரு சாப்பாட்டுத் தட்டைப்போல என் முன்னால் வைத்தவள் அவள்தான்.

எங்கே சாப்பிட வேண்டும் என்பதற்கு அவளிடம் சில விதிகள் இருந்தன. மூட்டை தூக்குகிறவர்கள் கூட்டமாக நிற்கும் கடைக்குத்தான் போக வேண்டும். தேத்தண்ணிக் கடை என்றால் அதை ஆற்றுகிறவரின் முகம் தெரிகிற மாதிரி உட்கார வேண்டும். ஒரு வாய் குடிப்பதற்குமுன் அவரிடம், "எந்த ஊரு, எந்தத் தோட்டத்துல இருந்தீங்க?" என்று கேட்டுவிட வேண்டும். இதெல்லாம் ருசி பார்க்கும் வித்தை என்றே நம்பினேன். தோட்டத்துக்குத் தோட்டம் தேத்தண்ணியின் ருசி மாறும் போலிருக்கிறது! விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனதும் தோழிகளுக்கு இவற்றைப் பாடமாகவே நடத்தினேன். எந்தக் கடையிலும் பெரியம்மா பாதிக் குவளைக்கு மேல் குடித்ததில்லை. இன்னும் பல கடைகளுக்குப் போக வேண்டுமே, வயிறு கொள்ளாது என்று அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

அந்த வருடம் அவள் ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது, குச்சியில் கோத்துச் சுடும் சாத்தேக் கறி சாப்பிடக் கடற்கரைப் பக்கம் போனோம். மலாய்க்காரர்கள் வரிசையாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். கறி வாடை வர ஆரம்பித்துவிட்டது. ஆனால் பெரியம்மா வழக்கம்போல முதலில் தேத்தண்ணிக் கடையைத்தான் தேடினாள். ஒரு மரத்தடியில் ஒல்லியான தமிழர் ஒருவர் இரண்டு தகரக் குவளைகளை வைத்து ஆற்றிக்கொண்டிருந்தார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். கெண்டைக்காலில் சதையே இல்லாமல் ஒரு பெரிய தழும்பு, தோல் பளபளவென்று இருந்தது.

பெரியம்மா உட்காரவே இல்லை. ஊரையும் கேட்கவில்லை.

"அண்ணே, கால்ல இருக்கறது சயாம் புண்ணா?"

அவர் ஆற்றுவதை நிறுத்தினார். "ஆமாம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரரும் போனாரு. ஈப்போ பக்கத்துத் தோட்டம். தோட்டத்து வாசல்ல தேத்தண்ணிக் கடை வச்சிருந்தாரு. எடது கைப் பழக்கம். எடது கையிலதான் ஆத்துவாரு."

அவர் குவளைகளைக் கீழே வைத்தார்.

"தேத்தண்ணிக்காரரா?" என்றார். "எங்க கேம்புல ஏதுங்க தேயில? காட்டுல கெடைச்ச எலையப் பறிச்சிக் கொதிக்க வச்சி, தகர டின்னுல இந்த ஒசரத்துக்குத் தூக்கி ஆத்துவாரு, எடது கையால. 'வாங்கடா, கடை தொறந்தாச்சு'ம்பாரு. அந்த நரகத்துலயும் நாங்க சிரிச்சோம்னா அது அவராலதாம்மா."

பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ போய் சாத்தே வாங்கிக்கிட்டு வா. நல்லா கருகக் கருகச் சுடச் சொல்லு. அவசரமில்ல, நின்னு வாங்கு." கை நிறையக் காசு கொடுத்தாள். நான் ஓடினேன்.

சாத்தே சுடுகிறவர் விசிறி விசிறிச் சுட்டார். நான் வாழையிலையில் ஒரு குவியல் சாத்தேயும், தனியே வேர்க்கடலைக் குழம்பும், ஓலையில் பொதிந்த சோறும் வாங்கிக்கொண்டு, கீழே சிந்தாமல் மெதுவாக நடந்து வந்தேன். தேத்தண்ணிக்காரர் கடையை விட்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா எதிரே நின்றுகொண்டிருந்தாள். "காலரா வந்து மூணே நாள்தாம்மா," என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நான்தான் கூட இருந்தேன். தனியா விடல. மண்ணையும் நான்தான் போட்டேன்."

பெரியம்மா என் கையிலிருந்த இலையை வாங்கினாள். எனக்குத்தான் பிரிக்கப்போகிறாள் என்று பெஞ்சின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தேன். அவளோ இலையை அந்த மனிதர் முன்னால் விரித்தாள். சோற்றைப் பிரித்து வைத்தாள். குழம்பை ஊற்றினாள். குச்சியிலிருந்து கறியை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே உருவிப் போட்டாள்.

"வேணாம்மா, கடை கெடக்குது..."

"அவரு கையால குடிச்சவங்க நீங்க. இன்னிக்கு என் கையால சாப்பிடுங்க."

அவர் சாப்பிட்டார். சாப்பிடச் சாப்பிட அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குழம்பு காரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். சோறு குறையக் குறையப் பெரியம்மா வைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்தது. நின்று நின்று வாங்கிவந்தது நான். கருகக் கருகச் சுடச் சொன்னதும் நான். ஒரு குச்சிகூட எனக்கு மிஞ்சவில்லை.

அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, ஒரு குவளை ஆற்றி அவளிடம் கொடுத்தார். அதை வாங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டே பெரியம்மா குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகுதான் என் ஞாபகம் வந்ததுபோல, "அடடா, என் தங்கம் பட்டினியால்ல நிக்குது!" என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, மறுபடியும் சாத்தேக்காரரிடம் கூட்டிப்போனாள். நான் போதும் போதும் என்கிற வரை வாங்கித் தந்தாள். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் நான் சாப்பிடுவதைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வயதுக்குப் பிறகும் அந்தச் சிரிப்புக்கு ஈடாக நான் யாரிடமும் எதையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் காதோடு ஏதோ சொன்னாள். அம்மா குழந்தையைக் கீழே கிடத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு எல்லோரும் தலைக்குக் குளித்தோம். எனக்கும் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். சாத்தேப் புகை நாற்றத்துக்காக இருக்கும். ஆனால் கடற்கரைப் பக்கமே வராத அப்பா எதற்காகக் குளித்தார் என்பதுதான் விளங்கவில்லை. அன்று அவர் கேலி எதுவும் பேசவில்லை. பெரியம்மா பரிமாறக் குனிந்தபோது, "நீங்க உக்காருங்கக்கா" என்று தட்டைத் தானே எடுத்து வைத்தார்.

ரயில் நிலையத்தில்தான் கவனித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. "பெரியம்மா, பொட்டு வைக்க மறந்துட்டீங்க!" என்று நான் கத்தியது மேடை முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள்.

"விடுடி," என்றாள் பெரியம்மா. "எத்தன வருசமா வச்ச பொட்டு. புள்ள கண்ணுக்குத் தெரியாம இருக்குமா?" ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். "அடுத்த லீவுக்கு நீ ஈப்போ வந்துடு. அங்க எங்கெங்க நல்லாருக்கும்னு நான் காட்டுறேன்."

"நீங்க இங்க வரமாட்டீங்களா?"

"வந்தாச்சுல்ல. பாத்தாச்சு."

அதன்பிறகு விடுமுறைகளில் நான்தான் ஈப்போவுக்குப் போனேன். பள்ளிக்கூடத்திலோ, சிங்கப்பூரிலேயே உயர்ந்த தேத்தண்ணி கடற்கரை மரத்தடிக் கடையில்தான் கிடைக்கும் என்று எல்லோரிடமும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் குடித்த பிறகு எங்கள் பெரியம்மா வேறு கடையே தேடவில்லையே.