எந்தக் கம்பெனி?

கடை வைத்துப் பிழைப்பவனுக்குச் சரக்கு தெரிந்தால் மட்டும் போதாது, வருகிறவர்கள் சொல்லும் சொல்லுக்கு அன்றைக்கு என்ன அர்த்தம் என்பதும் தெரிய வேண்டும். உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஃபேன், மிக்ஸி, குக்கர் விற்கிறேன். என்னைப் பாடாய்ப் படுத்திய சொல் 'கம்பெனி'. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பாவப்பட்ட ஜீவன்களே, அதனால் என் கல்யாணமே நடக்காமல் போக இருந்தது, கேளுங்கள்.

சத்தம் போடாத ஃபேன்

பெட்டியில் நாலு பேருக்குத் தெரிந்த பெயர் இருந்தால் அது கம்பெனி சரக்கு. இல்லாவிட்டால் லோக்கல். ஒரு பெரியவர் ஃபேன் வாங்க வந்தார். பெட்டியைக் காட்டினேன், கேரன்டி அட்டையைக் காட்டினேன், ஓடவிட்டும் காட்டினேன். காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. அவர் முகம் மட்டும் தெளியவே இல்லை.

"எங்க வூட்ல கீற கம்பெனி ஃபேனு கடகடன்னு சத்தம் போடும். இது மூச்சே வுடலியே, லோக்கலா நைனா?"

பூஜைக் குக்கர்

விடியற்காலையில் பஸ் அனுப்பி, ஒரகடம் பக்கம் ஆட்களை அள்ளிக்கொண்டு போகிறார்களே, அந்தத் தொழிற்சாலைக்கும் கம்பெனி என்றுதான் பெயர். ஆயுத பூஜைக்குப் பொரி, ஸ்வீட்டோடு ஏதாவது ஒரு பாத்திரமும் கொடுத்தனுப்புவார்கள். அந்த வாரம் என் கடையில் கூட்டம் அலைமோதும், வாங்குவதற்கு அல்ல.

ஒரு வருஷம் எங்கள் தெரு செல்வி அக்கா கட்டைப்பையில் ஒரே மாதிரி மூன்று குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மகன், மகள், மருமகள் மூவருக்கும் ஒரே இடத்தில் வேலை. இரண்டை வைத்துக்கொண்டு ஒரு மிக்ஸி கொடு என்றார். இது என்னிடம் வாங்கியது இல்லையே அக்கா என்றதும் கோபம் வந்துவிட்டது.

"உங்கிட்ட வாங்கலன்னா இன்னா? உன் கடையிலயும் இதே குக்கருதான கீது, பக்கத்துல வெச்சிக்கோ!"

பெண் பார்த்த கதை

கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால்தான் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை. கடை எனக்கே சொந்தம் என்று தரகர் தலைகீழாக நின்று சொன்னாலும், பையன் ஏதோ கடையில் இருக்கிறானாம் என்று பெண் வீட்டார் போய்விடுவார்கள். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கும் ரொம்ப அவமானமாக இருந்தது.

திருப்புலிவனத்தில் பார்த்த தேன்மொழி ஒரகடத்தில் வேலை செய்கிறவள். அவள் அப்பா காபியைக் கொடுத்துவிட்டு, "எந்தக் கம்பெனி தம்பி?" என்றார். கடை வைத்திருக்கிறேன் என்றேன். "கம்பெனி மாப்ளயா பாத்துக்கினு கீறோம்..." என்று இழுத்தார். எனக்குப் பெண்ணை ரொம்பவே பிடித்திருந்தது. இருந்தும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து அவள் வாயைத் திறந்தாள்.

"கம்பெனி மாப்ள வேணாம்பா. எனக்கு டே ஷிஃப்ட்டு, அவருக்கு நைட் ஷிஃப்ட்டுன்னா பஸ் ஸ்டாப்புலதான் குடும்பம் நடத்தணும். இவரு ஷட்டர எறக்கினா நேரா வூட்டுக்கு வந்துருவாருல்ல?"

கல்யாணமான நாளிலிருந்து தினமும் விடியற்காலையில் அவளை பைக்கில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டுத்தான் கடை திறக்கிறேன். ஆக, சம்பளம் இல்லாவிட்டாலும் நானும் கம்பெனி வேலையில் சேர்ந்தாயிற்று.